புஜத்தில் புயல்

கேள்வி: ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் உருவாக்கிய எல்ஃப் மொழியில் காற்றுக்கும் புயலுக்கும் என்ன சொல்? புஜத்தில் அந்த எழுத்திலேயே பச்சை குத்திக்கொள்ள ஆசை. எல்விஷ் ஃபான்ட் ஒன்றும் இறக்கி வைத்துவிட்டேன். ஒரே வார்த்தையில் பதில் தரவும்.
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: ஒரே வார்த்தை: பொறுங்கள்.

நீங்கள் கேட்டது சொல்லை. என் கண்ணை உறுத்தியது ‘ஃபான்ட்’. தெங்வார் என்கிற அந்த எழுத்துக்கு யூனிகோடில் இன்னும் அதிகாரபூர்வமாக இடமில்லை. ஆகவே இலவசமாகக் கிடைப்பவற்றில் பல, நம் பழைய தமிழ் எழுத்துரு பாமினியின் வம்சம். விசைக்கும் ஒலிக்கும் சம்பந்தம் கிடையாது. பாமினியில் ‘அ’ வேண்டுமென்று ஆங்கில ‘ஏ’யைத் தட்டினால் ‘ய’ வந்து நிற்குமே, அதே கதைதான். பரவலாகப் புழங்குவது டான் ஸ்மித் வகுத்த விசையமைப்பு. அதில் ‘விண்ட்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் என்ன ஆகும்? டபிள்யூவில் இருப்பது உம்பார் என்ற எழுத்து, ஒலி ‘ம்ப’. ஐ விசையில் சில்மே நுக்வெர்னா, அதாவது கவிழ்த்துப் போட்ட ‘ஸ’. என் விசையில் வில்யா. டி விசையில் ஹார்மா. உயிர்க்குறி ஒன்றுகூட இல்லாமல் ‘ம்ப்ஸ்வ்ஹ்’ என்று வாயைக் கோணிக்கொண்டு படிக்க வேண்டும்.

இன்னொரு கூத்தும் உண்டு. தெங்வாரில் ஒவ்வோர் எழுத்தின் பெயரும் பொருளுள்ள ஒரு சொல். உம்பார் என்றால் விதி. சில்மே நட்சத்திர ஒளி, நுக்வெர்னா கவிழ்ந்தது. வில்யா வானம். ஹார்மா புதையல். ஆக, உங்கள் புஜத்தில் ஏறப்போவது:

விதி
கவிழ்ந்த நட்சத்திர ஒளி
வானம்
புதையல்

இதை அப்படியே தபாலில் போடுங்கள், நம் பத்திரிகையின் கவிதைப் பக்கத்திலேயே வந்துவிடும். ‘படிமச் செறிவு’ என்று ஒரு குறிப்பும் சேர்ப்பார்கள். உரைநடையை நாலாக மடக்கினால் கவிதையாகுமா என்று நான் கேட்டால் அந்தப் பக்கத்துக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். விசைப்பலகை எழுதியதற்கும் மனிதர் எழுதியதற்கும் வித்தியாசம் தெரியாத நிலைமை வந்தபிறகு யாரைச் சொல்லி என்ன?

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘எல்ஃப் மொழி’ என்று ஒன்று கிடையாது. க்வென்யா, சிண்டரின் என்று முக்கியமாக இரண்டு. முன்னதில் ஃபின்னிஷ் சாயல், பின்னதில் வெல்ஷ் சாயல். க்வென்யாவில் காற்று ‘சூரெ’. சிண்டரினில் ‘சூல்’, கதாநாயகன் ஃப்ரோடோ கத்திக்குத்து வாங்கிய குன்றின் பெயர் அமோன் சூல், காற்றுக்குன்று. சிண்டரினிலேயே ‘க்வைவ்’ என்று இன்னொரு சொல்லும் உண்டு. மந்திரவாதி காண்டால்ஃபைச் சுமந்த கழுகு க்வைஹிரின் பெயரில் இருப்பது அதுதான். மார்ச் மாதம் சிண்டரினில் க்வைரோன், க்வென்யாவில் சூலிமே. இரண்டுமே காற்றுக்கால மாதம்.

சூரெ என்றதும் சூறைக்காற்று, சூல் என்றதும் சூல்கொண்ட மேகம்... பேனாவைக் கீழே வையுங்கள் ஐயா. எல்ஃபுகள் குமரிக்கண்டத்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள் என்று கடிதம் எழுதினால் பிரசுரிக்க மாட்டேன். டோல்கீன் 1930களில் தொகுத்த வேர்ச்சொல் பட்டியலில் ‘சூ’ என்ற வேருக்குக் காற்றின் ஓசை என்றே பொருள் எழுதியிருக்கிறார். காற்று எந்த ஊரில் அடித்தாலும் ‘ஸூ’ என்றுதான் அடிக்கும். இதற்கு உறவுமுறை கொண்டாட வேண்டியதில்லை.

சூரெயையும் ‘சூலெ’யையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. சூலெ என்றால் மூச்சு, ஆவி. அது முன்பு ‘தூலெ’வாக இருந்து, நோல்டோர் எல்ஃபுகளின் வாயில் ‘ஸ’ ஆனது. அவர்களின் இளவரசன் ஃபெயனோர் மட்டும் தன் தாயின் பெயரில் அந்தத் ‘த’ இருந்ததால் மாற மாட்டேனென்று மல்லுக்கட்டினான். ழகரம் காக்கப் புறப்பட்டவர்கள் பார்த்தால் மாலை போடுவார்கள். இதனால் உங்களுக்கு வரும் சிக்கல் இவ்வளவுதான்: சூலெயைத் தொடங்கும் எழுத்து வேறு, சூரெயைத் தொடங்கும் எழுத்து வேறு. சூரெக்கு சில்மே.

சூரெயின் ஈற்று எகரம் பழைய இகரத்தின் எச்சம். உருபு சேர்ந்தால் இகரம் திரும்பி வரும். எல்ஃப் சீமாட்டி கலாத்ரியெல் பாடும் பாட்டில் இலைகள் விழுவது ‘சூரினென்’, காற்றால். ‘சூரெனென்’ என்று எழுதுவது கற்றுக்குட்டிப் பிழை.

புயலுக்கு சிண்டரினில் ‘அலகோஸ்’. பாய்ந்து வருவதைக் குறிக்கும் ‘அலக்’ என்ற வேரிலிருந்து வந்தது. அன்கலகோன் என்ற டிராகனின் பெயருக்குள்ளும் அதே வேர் இருக்கிறது. ஆனால் அலகோஸ் இருப்பது மேலே சொன்ன பட்டியலில். அப்போது அந்த மொழிக்கு நோல்டோரின் என்று பெயர். பட்டியல் அச்சேறியதே 1987இல்தான். அதனால் ‘இது சிண்டரின் ஆகாது’ என்று ஒரு கட்சி கிளம்பும். புஜம் உங்களுடையது, குத்திக்கொள்ளலாம். க்வென்யாவின் ‘ரௌமோ’ புயலின் இரைச்சலை மட்டும் குறிப்பது. இரைச்சல் வேண்டுமானால் அது.

ஃபான்டை அழித்துவிட்டு சூரெயைக் கையாலேயே எழுதுங்கள். மொத்தம் மூன்று உருவங்கள். முதலில் சில்மே. அடுத்து, கீழே இறங்கும் நெடுங்கோடு, அதன் தலையில் உகரச் சுழி, நெடிலுக்கு அப்படித்தான். மூன்றாவது ரகர எழுத்தான ரோமென், அதன் மேல் சாய்கோடு, அதுதான் எகரம். க்வென்யாவில் குறி தனக்கு முன் வரும் மெய்யின் மேல் ஏறும், நமக்குப் பழகிய வழக்கம். சிண்டரினில் அடுத்து வரும் மெய்யின் மேல். அலகோஸ் எழுதும்போது தடுமாறுகிற இடம் அது. ஸ்டென்சிலைத் தலைகீழாக ஒட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சில்மே நுக்வெர்னா ஆகிவிடும்.

சாய்கோட்டைச் சற்று நீளமாகவே போடச் சொல்லுங்கள். தோலில் மை நாளடைவில் விரியும். கோடு புள்ளியாகிவிட்டால் அது இகரம். சூரெ ‘சூரி’ ஆகிவிடும். க்வென்யாவில் அது ‘காற்றுகள்’ என்ற பன்மை, இலக்கணப்படி குற்றமில்லை. தெங்வார் படிக்கத் தெரிந்த தமிழர் எவராவது பார்த்தால்தான், நடிகருக்கு ரசிகர் மன்றம் வைத்திருக்கிறீர்களா என்று விசாரிப்பார்.