சலோனிகாவும் ஹைஃபாவும் – கடிதம்

அன்புள்ள சார்,

சலோனிகா பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை எங்கள் நண்பர்கள் குழுவில் பகிர்ந்தேன். ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு கிரேக்கக் கடற்கரைக்கு வந்து, நானூற்றைம்பது வருடம் பழைய ஸ்பானிய மொழியையே வீட்டில் பேசிய யூதர்கள், அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தின் மேல் எழுந்த பல்கலைக்கழகம், எல்லாமே எனக்குப் புதிது. ஆனால் குழுவில் சண்டை வந்துவிட்டது. ஒரு நண்பன், “இஸ்ரேல் யூதர்கள் எல்லாரும் ஐரோப்பாவிலிருந்து வந்த வெள்ளைக்காரர்கள். இந்தப் பழங்கதையெல்லாம் காஸாவை மறைக்கத்தான்” என்றான். இன்னொருவன், “முஸ்லிம்கள் எந்தக் காலத்திலும் யூதர்களை நிம்மதியாக வாழ விட்டதில்லை. இஸ்ரேல் செய்வது சரி” என்றான். இரண்டு பேருமே உங்கள் கட்டுரையிலிருந்துதான் வரிகளை எடுத்துப் போட்டார்கள்.

ஸ்பெயினை வேராகக் கொண்ட இந்தச் செஃபார்டி யூதர்களின் வரலாறு யார் பக்கம் சாட்சி சொல்கிறது? இந்த நேரத்தில் அவர்களைப் பற்றி எழுதுவதே ஒரு பக்கம் சாய்வது ஆகாதா? அப்புறம் ஒரு சின்னக் கேள்வி. இவர்கள் நம் ஊர்ப் பக்கம் வந்ததுண்டா?

அன்புடன்,
எஸ்.
கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர்கள் கட்டுரையைச் சண்டை போடும் அளவுக்குப் படித்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். இரண்டாமவர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதற்குப் பதில் சொல்வது சுலபம்.

செஃபார்டி என்ற சொல் செஃபராத்திலிருந்து வந்தது. அது பைபிளில் ஒபதியா நூலில் வரும் ஓர் இடப்பெயர். பிற்கால யூதர்கள் அதை ஸ்பெயினுக்கு வைத்துக்கொண்டார்கள். அந்த ஸ்பெயினில் முஸ்லிம் அரசுகள் இருந்தபோதுதான் சாமுவேல் ஹநாகித் என்ற யூதர் கிரனாடாவின் அமைச்சராக இருந்தார். படையோடு போர்க்களம் போனார், ஹீப்ருவில் கவிதையும் எழுதினார். யூதர்களை அந்த மண்ணிலிருந்து துரத்தியவர்கள் கத்தோலிக்க அரசர்களான இசபெல்லாவும் ஃபெர்டினாண்டும். 1492 மார்ச் 31 அன்று ஆணை வந்தது. ஜூலை முடிவதற்குள் மதம் மாற வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். தங்கம், வெள்ளி, நாணயம் எதையும் எடுத்துப் போகக் கூடாது. வீட்டைக் கொடுத்து ஒரு கழுதையையும் திராட்சைத் தோட்டத்தைக் கொடுத்துக் கொஞ்சம் துணியையும் வாங்கிக்கொண்டு போனார்கள் என்று அந்தக் காலத்துப் பாதிரியார் ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். அவர்களில் பலருக்கு இடம் கொடுத்தவர் துருக்கியின் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் பாயசித். சலோனிகா அப்படித்தான் யூத நகரமானது.

இதைச் சொன்னவுடன் சிலர் பொற்காலம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதே கிரனாடாவில் 1066இல் சாமுவேலின் மகன் யோசேப்பை ஒரு கும்பல் கொன்றது, யூதர்களையும் கூட்டமாகக் கொன்றது. கொர்தோபாவில் பிறந்த யூதத் தத்துவஞானி மைமோனிடிஸின் குடும்பம், அல்மொஹத் என்ற முஸ்லிம் அரசு யூதர்களை மதம் மாற நெருக்கியதால் ஊரை விட்டுக் கிளம்பியது. அவர் கடைசியில் கெய்ரோவில் சுல்தான் சலாதீனின் அரசவையில் மருத்துவராக இருந்தார். ஒரு முஸ்லிம் அரசு துரத்தியது, இன்னொன்று நாடி பிடித்துப் பார்க்கக் கையை நீட்டியது. அவர் தன் பெரிய தத்துவ நூலை எழுதியது அரபு மொழியில், ஹீப்ரு எழுத்தில். நல்ல அரசர் வாய்த்த காலத்திலும் யூதர்கள் தலைவரி கட்டிக்கொண்டு ஒரு படி கீழேதான் இருந்தார்கள். ஆனால் 'எந்தக் காலத்திலும்' என்ற சொல்லை உங்கள் நண்பர் எடுத்துவிட வேண்டும்.

முதல் நண்பருக்கு வருகிறேன். இஸ்ரேல் யூதர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் மொரோக்கோ, இராக், ஏமன், ஈரான் போன்ற நாடுகளில் வேர் உள்ளவர்கள். வழிபாட்டு முறையை வைத்து இவர்களில் பலரையும் செஃபார்டி என்று சேர்த்துச் சொல்வது அங்கே வழக்கம். பாக்தாத் யூதர்களில் பெரும்பாலோருக்கு ஸ்பெயினோடு சம்பந்தமே கிடையாது. அதனால் கிழக்கத்தியர் என்ற பொருளில் மிஸ்ராஹி என்ற சொல்லும் புழங்குகிறது. இராக்கில் அவர்களின் வரலாறு பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து தொடங்குகிறது. 1941 ஜூனில் பாக்தாதில் இரண்டே நாளில் சுமார் 180 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1950, 51இல் சுமார் 1,20,000 பேர் குடியுரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு இஸ்ரேலுக்கு விமானம் ஏறினார்கள். அவர்கள் விட்டுப்போன சொத்துகளை இராக் அரசு முடக்கியது. இவர்களை வெள்ளைக்காரர் என்று சொன்னால் அவர்களுக்கே புரியாது. அந்தக் குடும்பங்களில் பிறந்த சில அறிஞர்கள் இன்றும் தங்களை 'அரபு யூதர்' என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

சரி, யார் பக்கம் சாட்சி என்று கேட்டீர்கள். நான் உங்களை ஒரே ஓர் ஊருக்குக் கூட்டிப்போகிறேன். இன்றைய இஸ்ரேலின் துறைமுக நகரமான ஹைஃபா. 1918இல் ஜோத்பூர், மைசூர் குதிரைப்படைகள் ஒட்டோமான்களிடமிருந்து பிடித்துக் கொடுத்த ஊர் என்று நம் செய்தித்தாள்களில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள்.

சலோனிகாத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் படகு தள்ளியவர்களும் பெரும்பாலும் யூதர்கள் என்று எழுதியிருந்தேன். யூதர்களின் ஓய்வு நாளான சனிக்கிழமை அந்தத் துறைமுகமே மூடிக் கிடக்கும். 1912இல் நகரம் கிரேக்கத்தின் கைக்குப் போனது. 1917இல் பெருந்தீ வந்து யூதர்களின் தெருக்களை எரித்தது. 1924இல் ஞாயிறு விடுமுறை கட்டாயமானது. சனியும் ஞாயிறும் வேலையில்லை என்றால் தினக்கூலிக்காரன் எதைச் சாப்பிடுவான்? 1931இல் கேம்ப்பெல் என்ற ஏழை யூதக் குடியிருப்பைக் கும்பல் கொளுத்தியது. அந்த நேரத்தில்தான் பிரிட்டிஷ்காரர்கள் ஹைஃபாவில் புதிய துறைமுகம் கட்டி, 1933இல் திறந்தார்கள். அங்கே யூதத் தொழிலாளர்களை உள்ளே கொண்டுவர வேண்டும் என்பது யூதத் தொழிற்சங்கத்தின் திட்டம். அப்பா ஹூஷி என்ற தொழிற்சங்கத் தலைவர் சலோனிகாவுக்கே போய் ஆள் சேர்த்தார். குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள்.

போகாதவர்களுக்கு என்ன நடந்தது? 1943 மார்ச் 15 அன்று முதல் ரயில் கிளம்பியது. ஆகஸ்டுக்குள் 45,000-க்கும் மேற்பட்டவர்களை நாஜிகள் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போன அன்றே பெரும்பாலானவர்களை விஷவாயுவில் கொன்றார்கள். போர் முடிந்து ஊர் திரும்பி எண்ணியபோது 2,000 பேர்கூட இல்லை. ஆஷ்விட்ஸின் பகுதியான பிர்க்கனௌ நினைவிடத்தில் இறந்தவர்களின் மொழிகளிலெல்லாம் கல்வெட்டு உண்டு. சலோனிகாக்காரர்கள் பேசிய பழைய ஸ்பானியமான லடினோ மொழிக்கு அங்கே கல் வைத்தது 2003இல்தான். அறுபது வருடம் கழித்து. இதை எழுதும்போது எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

ஆக, ஹைஃபாவுக்குப் போன சுமைதூக்கிக்கு அந்தப் பயணம் உயிரைக் கொடுத்தது. அதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம். ஆனால் அவன் ஹைஃபாவில் இறங்கியபோது அங்கே ஏற்கெனவே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அரபுத் தொழிலாளர்கள். சிரியாவின் ஹவுரான் பகுதியிலிருந்து பிழைக்க வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். 'ஹீப்ரு உழைப்பு' என்ற அந்த இயக்கத்தின் கொள்கையே யூத உழைப்பைக் கொண்டுவந்து அரபு உழைப்பை விலக்குவது. சலோனிகாக்காரன் யார் வயிற்றிலும் அடிக்க வரவில்லை, கூலிக்கும் சனிக்கிழமை ஓய்வுக்கும் வந்தான். அவனைக் கூட்டிவந்த திட்டம் அடித்தது.

பிறகு 1948 ஏப்ரல். யூதப் படையான ஹகானா நகரைப் பிடித்தது. போருக்கு முன் 60,000-க்கும் மேல் இருந்த அரபு மக்கள் அந்த வருடம் முடிவதற்குள் சில ஆயிரம் பேராகக் குறைந்தார்கள். பலர் வெளியேறியது கடல் வழியாக, அதே துறைமுகத்திலிருந்து. குண்டுச் சத்தத்துக்கு நடுவே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு படகேறி அக்கோவுக்கும் லெபனானுக்கும் போனார்கள். சில நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்தவர்கள் பலர். திரும்ப விடவில்லை. 1950இல் 'வராதவர் சொத்து' என்று சட்டம் போட்டு வீடுகளை அரசு எடுத்துக்கொண்டது.

கதை அதோடு முடியவில்லை. ஹைஃபாவில் வாதி சலீப் என்ற பகுதி, அப்படி அரபு மக்கள் விட்டுப்போன இடம். அங்கே மொரோக்கோவிலிருந்து வந்த யூதர்களைக் குடிவைத்தார்கள், ஒரு வீட்டில் பல குடும்பங்களாக. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களுக்கு மேலே கார்மல் மலையில் நல்ல வீடு, எங்களுக்கு இந்த இடிபாடா என்ற கோபம் உள்ளுக்குள் இருந்தது. 1959 ஜூலையில் அங்கே ஒரு மொரோக்கோக்காரரைப் போலீஸ் சுட்டது. அவர் இறந்துவிட்டார் என்று வதந்தி பரவி மக்கள் தெருவில் இறங்கினார்கள், மலைமேல் ஏறிக் கடைகளையும் கார்களையும் உடைத்தார்கள். இப்படித் தாழ்த்தப்பட்ட மக்கள்தான் 1977இல் தொழிலாளர் கட்சியைக் கவிழ்த்து வலதுசாரித் தலைவர் மெனகெம் பெகினுக்கு ஓட்டுப் போட்டவர்களில் முக்கியமானவர்கள். இன்றைய வலதுசாரி அரசியலைத் தாங்கி நிற்பவர்களும் பெருமளவில் அவர்களே. உங்கள் முதல் நண்பர் 'வெள்ளைக்காரர்' என்று சொல்லிவிட்டால் இதில் ஒன்றுமே புரியாமல் போய்விடும்.

இப்போது நீங்கள் கேட்ட கடினமான கேள்வி. இந்த நேரத்தில் இதை எழுதலாமா? 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸும் அதோடு வந்தவர்களும் சுமார் 1,200 பேரைக் கொன்று, 251 பேரைப் பிணைக்கைதிகளாகக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு காஸாவில் பல்லாயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் குழந்தைகள் எத்தனை என்று நினைத்தாலே கை நடுங்குகிறது. சலோனிகாவின் இறந்தவர்களைக் காட்டி காஸாவின் இறந்தவர்களுக்கு யாராவது கணக்குத் தீர்த்தால் அதை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். என் கட்டுரை அதற்குப் பயன்பட்டது என்று கேட்க வருத்தமாக இருக்கிறது.

அந்தக் கணக்கு அரசாங்க மட்டத்திலேயே போடப்படுகிறது. அரபு நாடுகளிலிருந்தும் ஈரானிலிருந்தும் வெளியேறிய யூதர்களுக்காக இஸ்ரேல் 2014 முதல் நவம்பர் 30ஐ நினைவு நாளாக வைத்திருக்கிறது. அது நியாயமான நினைவு. ஆனால் கூடவே ஒரு வாதம் வருகிறது. அங்கிருந்து யூதர்கள் வந்தார்கள், இங்கிருந்து சுமார் 7,00,000 பாலஸ்தீனர்கள் போனார்கள், இது மக்கள் பரிமாற்றம், கணக்கு நேர் என்று. பாக்தாத்காரரின் வீட்டை முடக்கியது இராக் அரசு. அதற்கு ஹைஃபாவின் மீனவக் குடும்பம் ஏன் வீட்டைக் கொடுக்க வேண்டும்? கடன் வாங்கியவன் ஒருவன், வட்டி கட்டுபவன் வேறொருவனா?

உங்கள் நண்பர்கள் இருவரிடமும் 2015ஆம் ஆண்டைப் பற்றிக் கேளுங்கள். அந்த வருடம் ஸ்பெயின், 1492இல் துரத்தப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் குடியுரிமை கேட்கலாம் என்று சட்டம் கொண்டுவந்தது. போர்ச்சுகலும் அதே வருடம் அதைச் செய்தது. ஸ்பெயின் 2019இல் விண்ணப்பத்தை மூடிவிட்டது, போர்ச்சுகல் நிபந்தனைகளை இறுக்கிவிட்டது. ஆனால் அதற்குள் இஸ்ரேலிலிருந்தே ஏராளமானவர்கள் விண்ணப்பித்துவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை, அது அவர்களுடைய உரிமை. ஐந்நூறு வருடம் கழித்தும் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த மண்ணில் ஓர் உரிமை மிச்சமிருக்கிறது என்று இரண்டு நாடுகள் ஒப்புக்கொண்டன. ஹைஃபாவிலிருந்து படகேறியவர்களில் சிலர் இன்னும் லெபனான் முகாம்களில் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் வெளியேறி எண்பது வருடம்கூட ஆகவில்லை. செஃபார்டி வரலாற்றை உண்மையாக நேசிக்கும் ஒருவர் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எப்படி இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் சின்னக் கேள்விக்கு: வந்தார்கள். கொச்சியில் 1568இல் கட்டிய ஜெப ஆலயத்துக்குப் பரதேசி ஜெப ஆலயம் என்றே பெயர். வெளிதேசத்தார் என்ற பழைய பொருளில் நம் பரதேசிதான். சென்னையில் பவளக்காரத் தெரு தெரியுமல்லவா? 17ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசிய வழி வந்த செஃபார்டி வணிகர்கள் லண்டனிலிருந்து கோட்டைக்கு வந்து, மத்தியதரைக்கடல் பவளத்தை விற்று, கோல்கொண்டா வைரத்தை வாங்கினார்கள். ஜாக் டி பைவா என்ற வைர வணிகர் 1687இல் மதராஸில் இறந்தார். 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது அதன் முதல் ஆல்டர்மேன்களில் (நகர்மன்ற மூத்த உறுப்பினர்களில்) மூவர் இந்தச் சமூகத்தவர். பழைய யூதக் கல்லறைகளில் சில இடம் மாற்றப்பட்டு இப்போது லாயிட்ஸ் சாலையில் இருக்கின்றன. அடுத்த முறை சென்னை வரும்போது சொல்லுங்கள், சேர்ந்து போகலாம். உங்கள் நண்பர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்