இரவு முழுக்க நித்திரை இல்லை, இன்றைய பகலை எப்படிக் கொண்டுபோவது?

திருகோணமலை உப்புவெளியில் அறை எடுத்திருக்கிறீர்கள், ஆய்வேட்டின் அத்தியாயம் எழுதி விடியும்வரை கண் மூடவில்லை. இன்றைக்கே திருத்தி அனுப்பிவிட்டு, இரவோடிரவாக நண்பரின் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு நாளை பின்னேரக் கருத்தரங்குக்குக் கண்டி போகலாமா என்று கேட்கிறீர்கள்.

மோட்டார் சைக்கிள் வேண்டவே வேண்டாம். 24 மணித்தியாலம் விழித்திருப்பவரின் கவனம், இரத்தத்தில் 0.10 சதவீத மதுசாரம் உள்ளவரின் அளவுக்கு இறங்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இலங்கையில் சாரதிக்கான எல்லையே 0.08. இரண்டு மூன்று செக்கன் கண் தானாகச் செருகும், செருகியது உங்களுக்கே தெரியாது. 60 கிலோமீற்றர் வேகத்தில் 3 செக்கன் என்றால் 50 மீற்றர். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இருட்டில் யானை குறுக்கே நிற்கும் வீதி அது. இன்றிரவு படுத்துவிட்டு விடியற்காலை பஸ்ஸில் போங்கள்.

இனி இன்றைய பகல். காலை ஏழு மணிக்கு ஒரு தெம்பு வரும், அதை நம்பாதீர்கள். உடற்கடிகாரம் ஏறுவதால் வருவது அது. நித்திரையை வரவழைக்கும் அடினோசின் என்ற இரசாயனம் இரவு முழுக்க மூளையில் சேர்ந்தது அப்படியேதான் இருக்கிறது, மத்தியானம் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் மொத்தமாக வந்து அழுத்தும். எனவே வேலையை 12 மணிக்குள் முடியுங்கள்.

என்ன வேலை என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். புதிதாக எதையும் எழுதாதீர்கள். தரவுக் கோப்பைத் திறக்கவே வேண்டாம். நித்திரையில்லாத கை எக்செலில் ஒரு நிரலை மட்டும் தெரிவுசெய்து வரிசைப்படுத்தும், பக்கத்து நிரல்களையும் சேர்க்கவா என்று அது கேட்பதைச் சரியாக வாசிக்காமல், தெரிவுசெய்த நிரல் மட்டும் போதும் என்பதை அழுத்தும். ஒருவரின் வயது இன்னொருவரின் விடைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அப்படியே சேமித்தும் விடுவீர்கள், தெரிய வரும்போது ஒரு மாதம் போயிருக்கும். அத்தியாயத்தையும் முதலில் இன்றைய திகதியிட்டு வேறு பெயரில் பிரதி எடுத்துவிட்டு, அதிலே இயந்திரத்தனமான வேலையை மட்டும் செய்யுங்கள்: உரையில் வரும் ஒவ்வொரு மேற்கோளும் உசாத்துணைப் பட்டியலில் இருக்கிறதா, அட்டவணை இலக்கங்கள் ஒழுங்கா என்று அச்செடுத்த தாளில் பேனையால் அடித்து அடித்துப் பாருங்கள். மேற்பார்வையாளரின் காரமான குறிப்புக்கு இன்றைக்குப் பதில் எழுத வேண்டாம். நித்திரை கெட்ட நாளில் சின்னச் சொல்லும் பெரிதாகச் சுடும்.

கோப்பி அடினோசினை அகற்றாது, அது ஒட்டும் இடத்தை மறித்து நிற்கும், அவ்வளவுதான். குடித்து அரை மணித்தியாலமளவில் வேலை செய்யும், பாதி கழியவே ஏறக்குறைய 5 மணித்தியாலம் எடுக்கும். பெரிய கோப்பையை ஒரே மூச்சில் குடிக்காமல் 7, 10, 1 மணிக்கு அரைக் கோப்பையாகக் குடியுங்கள். அதற்குப் பிறகு நிறுத்துங்கள். பிளேன்ரீயிலும் காஃபீன் உண்டு, அதைக் கணக்கில் எடுக்காமல் பின்னேரம் நாலு குடித்தால் இன்றிரவும் போய்விடும். ஆரோக்கியமான வளர்ந்தவருக்கு நாளுக்கு 400 மில்லிகிராம்தான் எல்லை, இதய வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளுங்கள்.

ஒரு மணிக் கோப்பியைக் குடித்த கையோடு படுங்கள். 25 நிமிடத்துக்கு அலாரம் வைத்து, போனை எழும்பிப் போய் நிறுத்தும் தூரத்தில் வையுங்கள். ஒரு மணித்தியாலம் கிடந்தால் ஆழ்ந்த நித்திரையின் நடுவில் எழும்பி, தலை கல்லாக இருக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தகரக் கூரை அறைக்குள் பகலில் படுக்க முடியாது, நூலக மேசையில் தலை சாயுங்கள். அதற்கு முன் வயிறு முட்டச் சோறு வேண்டாம்.

நித்திரை முழிக்கப் பழக்குகிறேன் என்று சண்டைக்கு வருவோருக்கு: முழித்து முடித்தவர் கேட்ட கேள்விக்குத்தான் இது பதில். கிழமைக்கு மூன்று இரவு வீதம் மூன்று மாதம் நித்திரை வராவிட்டால் வைத்தியரிடம்தான் போக வேண்டும்.

அரை மணித்தியாலம் பேசுவதற்குத் திருகோணமலைப் பிள்ளைகள் 180 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் கண்டிக்குப் போய்வர வேண்டியிருப்பது எனக்கு ஆறவே இல்லை. கொரோனாக் காலத்தில் சூமில் நடந்த அதே கருத்தரங்குகளை இப்போது ஏன் நடத்த முடியாது?

பின்னேரம் ஆறு மணிக்குக் கண் இழுக்கும். படுத்தால் நடுச்சாமத்தில் முழிப்பு வந்துவிடும். கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்து, வழமையைவிட ஒரு மணித்தியாலம் முந்திப் படுங்கள். படுக்க முதல் கருத்தரங்குக் கோப்பைப் பென்டிரைவில் ஏற்றி, உங்கள் மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.