காலையில் வெள்ளை, மதியம் ஊதா: சோடா லைமை எப்போது மாற்றுவது?

கேள்வி: மயக்க மருந்துப் பிரிவில் தொழில்நுட்பராக இருக்கிறேன். நோயாளியின் வெளிமூச்சிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் குருணை மாலையில் ஊதாவாகிவிடுகிறது; மறுநாள் காலை வெள்ளையாக இருக்கிறது. அதை நம்பி அறுவை சிகிச்சையைத் தொடங்கினால், அரை மணி நேரத்தில் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃபின் அடிக்கோடு பூஜ்யத்தை விட்டு எழும்புகிறது. புதிதாக நிரப்பினாலும் சீக்கிரம் தீர்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்தக் காலை வெள்ளை உங்களை ஏமாற்றுகிறது. சோடா லைமில் ஏறக்குறைய 80 சதவீதம் கால்சியம் ஹைட்ராக்சைடு, 15 சதவீதம் நீர், கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு. காரத்தன்மை குறைந்ததும் அதிலுள்ள சாயம் ஊதாவாகிறது. இரவு சும்மா கிடக்கும்போது குருணையின் மேற்பரப்பில் காரம் சற்று மீள்வதால் நிறம் போய்விடுகிறது. உறிஞ்சும் திறன் பெரிதாகத் திரும்புவதில்லை. எனவே மாலையில் பார்த்த நிறத்தையே கணக்கில் வையுங்கள். நிரப்பிய தேதியைக் கேனிஸ்டரில், அதாவது சோடா லைம் கலனில், எழுதி ஒட்டுங்கள்.

சீக்கிரம் தீர்வதற்கு நிரப்பும் விதம் காரணமாக இருக்கலாம். தளர்வாகக் கொட்டினால் வாயு எளிதான ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு அதிலேயே ஓடும். ஓரத்தில் ஊதாக் கோடு இறங்கியிருக்க, மீதி வெள்ளையாகவே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். படியில் அரிசி அளப்பதுபோல் பக்கவாட்டில் மெல்லத் தட்டி, இடைவெளி இல்லாமல் நிரப்புங்கள். அழுத்தித் திணித்தால் குருணை நொறுங்கித் தூளாகும்; தூள் கட்டிதட்டினால் வாயு போகத் தடை. இரட்டைக் கேனிஸ்டர் என்றால், வெளிமூச்சு முதலில் சேரும் அறையில் உள்ளதைக் கொட்டிவிட்டு, இரண்டாவதை அந்த இடத்துக்கு மாற்றிப் புதியதைப் பின்னால் வையுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 100 கிராம் சோடா லைம் கோட்பாட்டளவில் 26 லிட்டர் வரை கார்பன் டை ஆக்சைடை ஏற்கும். நடைமுறையில் அதைவிடக் குறைவு. பெரியவர் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லி, மணிக்கு 12 லிட்டர் வெளிவிடுகிறார். ஆக, 1 கிலோவுக்குக் காகிதக் கணக்கிலேயே 21 மணி நேரம்தான். புது வாயுவை, அதாவது இயந்திரத்தில் புதிதாகச் சேரும் வாயுவை, நிமிடத்துக்கு 1 லிட்டராகக் குறைத்தால் பழைய மூச்சே திரும்பச் சுற்றும்; ஏறக்குறைய முழுச் சுமையும் சோடா லைம் மேல் விழும். அப்படிச் சீக்கிரம் தீர்ந்தால் அது கோளாறே இல்லை. அதனால் மிச்சமாகும் செவோஃப்ளூரேன் என்ற மயக்க மருந்தின் விலையைப் பார்த்தால், எனக்கு அது லாபமாகவே படுகிறது.

நடுவில் அடிக்கோடு எழும்பினால் மயக்க மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். அவர் புது வாயுவை நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டராக உயர்த்திப் பார்ப்பார். கோடு இறங்கினால் சோடா லைம் தீர்ந்திருக்கிறது. அசையாவிட்டால் மூச்சை ஒரே திசையில் விடும் வால்வைச் சந்தேகிக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். வார இறுதி முழுக்க ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால் சோடா லைம் காய்ந்துவிடும். அந்த வறட்சியைச் சாயம் காட்டாது. காய்ந்த குருணையில் டெஸ்ஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன் ஆகிய மயக்க மருந்துகள் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். சாதாரண பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்கு அது தெரியாது. செவோஃப்ளூரேனோ கேனிஸ்டரைக் கொதிக்க வைக்கும். பேரியம் கலந்த பேரலைம் இப்படித் தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பின் 2004-ல் சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது. தண்ணீர் தெளித்துச் சரிசெய்யும் கைவைத்தியம் வேண்டாம். திங்கட்கிழமை வந்ததும் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டால், குருணை எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.