ஹவாய்ச் செம்பு நகை வாங்குவதற்கு முன்

கேள்வி: கலிஃபோர்னியாவில் வசிக்கும் நாங்கள் விடுமுறைக்கு ஹவாயின் மாவி தீவுக்குச் செல்லவிருக்கிறோம். அங்குள்ள ஒருவர் இணையத்தில் விற்கும் செம்புக் காப்பு ஒன்று என் மனைவிக்குப் பிடித்திருக்கிறது. கடலாமை உருவம் பொறித்த அந்தக் காப்பின் விலை 90 டாலர். ‘பழங்கால ஹவாய் மரபின்படி செய்த செம்பு நகை’ என்று விவரம் எழுதியிருக்கிறார்கள். செம்புக்கு இவ்வளவு விலை கொடுக்கலாமா?

பதில்: ‘பழங்கால மரபு’ என்ற சொற்களை முதலில் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். ஹவாய்த் தீவுகள் எரிமலைக் குழம்பு இறுகி உருவானவை; பழங்குடி மக்கள் தோண்டி உருக்கத்தக்க செம்புத் தாது அங்கே இருந்ததில்லை. 1778-இல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பல்கள் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயை அடைந்தபோது அங்கிருந்தவர்கள் உலோகம் உருக்கும் தொழிலை அறிந்திருக்கவில்லை. ஓர் இரும்பு ஆணிக்காக அவர்கள் எவ்வளவு பண்டம் கொடுக்க முன்வந்தார்கள் என்பதை அந்தப் பயணத்தின் குறிப்புகளே சொல்கின்றன. அவர்களுடைய அணிகலன்கள் இறகு, சிப்பி, எலும்பு, விதை, பூ ஆகியவற்றால் ஆனவை. குலத்தலைவர்கள் கழுத்தில் அணிந்த ‘லெய் நிஹோ பலாவோவா’கூட, திமிங்கிலப் பல்லைக் கொக்கி வடிவில் செதுக்கி, மனித முடியைப் பின்னிய இழைக்கொத்தில் கோத்த அணிதான். பின்னர் 19-ஆம் நூற்றாண்டில் அரச குடும்பத்தின் வழியாகப் பரவி, இன்றும் குடும்ப நகையாகக் கைமாறி வரும் கறுப்பு எனாமலில் எழுத்துப் பொறித்த வளையல்கள், விக்டோரியா கால இங்கிலாந்தின் பாணியைத் தழுவித் தங்கத்தில் செய்யப்பட்டவை. ஆகவே செம்பில் செய்த ஹவாய் நகை என்பது உருவங்களால் பழையதாக இருக்கலாமே தவிர, உலோகத்தால் நம் காலத்துக் கைவினையே. அதில் குறை ஒன்றும் இல்லை. அதை மறைத்து விற்பதுதான் குறை.

விலைக்கு வருவோம். முப்பது கிராம் எடையுள்ள காப்பில் இருக்கும் செம்பின் மதிப்பு ஒரு டாலரைக்கூட எட்டாது. எனவே நீங்கள் கொடுக்கப்போகும் 90 டாலரில் ஏறக்குறைய முழுவதும் உழைப்புக்கும் வடிவமைப்புக்கும் உரியது. தங்கம் வாங்கும்போது எடையும் தரமும் நம்மைக் காப்பாற்றும். செய்கூலி வீணானாலும் உலோகம் கையில் மிஞ்சும். செம்பில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. தகட்டை அறுத்து, காய்ச்சித் தட்டி, ஆமை உருவத்தைக் கையாலேயே செதுக்கியிருந்தால் 90 டாலர் நியாயமான விலை என்றே கருதுகிறேன். அச்சில் அழுத்தி எடுத்த காப்பாக இருந்தால் அது அதிகம்.

கேள்வி: கையால் செய்ததா, இயந்திரத்தில் செய்ததா என்பதை நகைத் தொழில் அறியாத ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அமெரிக்காவில் இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. அந்நாட்டின் வணிக ஆணையமான ஃபெடரல் டிரேட் கமிஷன் வெளியிட்டுள்ள நகை வழிகாட்டி நெறிகளின்படி, மூலப்பொருளிலிருந்து உருவாக்குவது, மெருகிடுவது, அலங்கரிப்பது ஆகிய அனைத்தும் கையாலோ, ஒவ்வொரு நகையின் வடிவத்தையும் செய்பவரே விரும்பியபடி மாற்றிக்கொள்ளும்படி கையால் கட்டுப்படுத்தும் முறைகளாலோ நடந்திருந்தால் மட்டுமே ‘கையால் செய்தது’ என்று சொல்லலாம். தகடும் கம்பியும் வாங்கித் தொடங்கினால் அவை மூலப்பொருளாக ஏற்கப்படும். ஆனால் ஏற்கெனவே ஆமை வடிவில் வெட்டி வந்த துண்டை வாங்கி, அதன்மேல் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி வளையம் கோத்தால் ஏற்கப்படாது. சந்தையில் ஏமாற்றம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிகழ்கிறது.

ஆகையால் விற்பவரிடம் “இது கையால் செய்ததா?” என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். “தகட்டை வாங்கி நீங்களே அறுத்தீர்களா, வெட்டிய துண்டாக வாங்கினீர்களா?” என்று கேளுங்கள். உண்மையில் செய்பவர் இந்தக் கேள்விக்கு மகிழ்ந்து, தேவைக்கு மேலேயே விளக்கம் சொல்வார். பிறகு ஒரே மாதிரியில் இரண்டு காப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுத்தியல் தழும்புகள் இரண்டிலும் ஒரே இடங்களில் விழுந்திருந்தால் அது அச்சு. பின்புறத்தையும் ஓரங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். அரம் போட்டுத் தேய்த்த ஓரம் கையைக் கீறாது. ஒரு காந்தத்தையும் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே செம்பு முலாம். ஒட்டாவிட்டால் மட்டும் அது செம்பு என்று ஆகிவிடாது, ஏனெனில் துத்தநாகக் கலவையிலும் காந்தம் ஒட்டாது.

இலையும் பெரணியும் அப்படியே செம்பாக மாறியதுபோல் இருக்கும் பதக்கங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உண்மையான இலையின்மேல் மின்சாரம் கடத்தும் பூச்சைத் தடவி, செம்புக் கரைசலில் தொங்கவிட்டு மின்னோட்டத்தால் செம்பைப் படியவைத்து அவற்றைச் செய்கிறார்கள். இது நேர்மையான நுட்பம்தான், அழகானதும்கூட. ஆனால் செம்பு ஓடு மெல்லியதாக இருக்கக்கூடும் என்பதால், தட்டிச் செய்த காப்பைப்போல வளைத்து அணிய முயன்றால் விரிசல் விட்டுவிடும்.

கேள்வி: ‘ஹவாயில் தயாரித்தது’ என்ற முத்திரையை நம்பலாமா? உண்மையான ஹவாய்ச் சின்னங்கள் எவை?

பதில்: மாநிலச் சட்டப்படி, பொருளின் மொத்த வியாபார (wholesale) மதிப்பில் குறைந்தது 51 விழுக்காடு ஹவாயில் நடந்த தயாரிப்பு வேலையால் சேர்ந்திருந்தால்தான் அந்த முத்திரையைப் பயன்படுத்த முடியும். ‘ஹவாய்ப் பாணி’, ‘ஹவாயின் உணர்வில்’ போன்ற சொற்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அவை எந்த நாட்டில் செய்த பொருளின்மேலும் இருக்கலாம். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான நீஹாவின் சிப்பி மாலைகளுக்கு மட்டும் 2004-இல் தனிச் சட்டம் வந்தது. செம்பு நகைக்கு அப்படி எதுவும் கிடையாது. அமெரிக்கப் பழங்குடியினரின் கைவினைப் பெயரைப் பிறர் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் ஹவாய்ப் பூர்வகுடி மக்களை உள்ளடக்கவில்லை. செய்தவர் பூர்வகுடியைச் சேர்ந்தவரா, தீவில் குடியேறியவரா என்பது உங்களுக்கு முக்கியமானால் நேரடியாகக் கேட்டுத்தான் அறிய வேண்டும். மரியாதையாகக் கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

சின்னங்களில், தூண்டில் முள் மாவி என்ற வீரன் கடலுக்கடியிலிருந்து தீவுகளை இழுத்து மேலே கொண்டுவந்த கதையைச் சேர்ந்தது. சேம்பு இலைக்கு இன்னும் ஆழமான இடம் உண்டு: இறந்து பிறந்த முதல் குழந்தையைப் புதைத்த இடத்தில் சேம்பு முளைத்ததென்றும், அடுத்துப் பிறந்த ஹாலோவா மனித குலத்தின் மூதாதை ஆனானென்றும் அவர்களுடைய மரபுக்கதை சொல்கிறது. நம் வீட்டுச் சேப்பங்கிழங்கு அவர்களுக்குத் தமையன் முறை. கடைகளில் அதிகம் காணப்படும் புளூமேரியா பூவோ, 1860-இல் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட் கொண்டுவந்தது. அதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. ஓட்டை இலை மான்ஸ்டெராவும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் ‘தொன்மையான புனிதச் சின்னம்’ என்று கூடுதல் விலை சொன்னால் ஏற்காதீர்கள்.

கேள்வி: செம்புக் காப்பு மூட்டுவலியைக் குறைக்கும் என்கிறார்கள். தோல் பச்சையாகிவிடும் என்றும் சொல்கிறார்கள். எது உண்மை?

பதில்: இரண்டாவது உண்மை. வியர்வையோடு சேர்ந்து செம்பு களிம்பு பிடிப்பதால் வரும் நிறம் அது. சோப்புப் போட்டால் போய்விடும். முதலாவதற்கு ஆதாரம் இல்லை: முடக்குவாத நோயாளிகள் 70 பேரிடம் இங்கிலாந்தில் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் நம்பிக்கையால் வரும் பயனுக்கு மேல் செம்புக் காப்பால் ஒரு பயனும் தெரியவில்லை. வலிக்கு மருத்துவரைப் பாருங்கள்.

மெருகு மங்கினால் செம்புப் பாத்திரத்தைத் துலக்குவதுபோல் புளியால் தேய்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வெறும் செம்பாக இருந்தால் தேய்த்து, உடனே கழுவித் துடைத்து வையுங்கள். தீயில் காட்டி நிறம் ஏற்றியதாகவோ, நீலப்பச்சைக் களிம்பை வேண்டுமென்றே படியவைத்து மேலே அரக்கோ மெழுகோ பூசியதாகவோ இருந்தால் புளி அந்த நிறத்தை அழித்துவிடும். ஈரத்துணியால் துடைப்பது போதும். எந்த வகை என்பதையும் மேற்பூச்சு என்ன என்பதையும் பணம் கொடுக்கும்போதே ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.