முன்சக்கரம் ஏன் பெரிசு?

அன்புள்ள அண்ணாச்சி,

பாறசாலையிலிருந்து எழுதுகிறேன். இங்கிலாந்தின் விக்டரி போர்க்கப்பலில் இருந்த 32 பவுண்டர் (32 பவுண்டு எடைக் குண்டைச் சுடும்) பீரங்கியை 24-ல் ஒரு பங்கு அளவில் செய்து வருகிறேன். குழாயைப் பித்தளையில் கடைந்தாயிற்று. குழாயைத் தாங்கும் மர வண்டியில்தான் சந்தேகம். வரைபடத்தில் முன்சக்கரம் 20 மில்லிமீட்டர், பின்சக்கரம் 17. வரைந்தவர் பிழையா? நான்கையும் ஒரே அளவாக்கிவிடலாமா? பக்கப்பலகையின் பின்பாதியைப் படிபடியாக வெட்டியிருப்பது அலங்காரமா?

அன்புள்ள தம்பி,

மாற்றிவிடாதீர்கள், வரைபடம் சரிதான். மொட்டைமாடித் தளம் போடும்போது தண்ணீர் ஓட கொத்தனார் வாட்டம் வைப்பார் இல்லையா, கப்பல் தளத்துக்கும் அந்த வாட்டம் உண்டு. நடுவில் உயர்ந்து இரண்டு ஓரத்துக்கும் சரியும். பீரங்கியின் வாய் ஓரத்தைப் பார்த்து நிற்பதால் முன்சக்கரங்கள் பள்ளத்தில் இருக்கும். அந்தக் குறையைப் பெரிய சக்கரம் ஈடுகட்டுகிறது. என் முதல் மாதிரியில் நான்கையும் ஒரே அளவாகவே கடைந்தேன். மேசைமேல் அழகாக நின்றது. வாட்டத்தோடு ஒரு தளத்துண்டு செய்து அதில் ஏற்றியதும் வாய் தொங்கிவிட்டது. பிரித்து மறுபடி செய்தேன்.

படிகளும் அலங்காரம் இல்லை. அசல் குழாய் ஒன்பதரை அடி நீளம், எடை இரண்டே முக்கால் டன். கடப்பாரை மாதிரி நீளத் தடியைப் படியில் ஊன்றிக் குழாயின் பின்முனையை நெம்புவார்கள். அந்த நேரத்தில் இன்னொருவர் அடியிலிருக்கும் ஆப்பை உள்ளே தள்ளுவார், இல்லை வெளியே இழுப்பார். குண்டு உயரப் போவதும் தாழப் போவதும் அந்த ஆப்பில் இருக்கிறது. அதனால் படியின் விளிம்பைக் கூராக விடாமல், தடி பட்டுத் தேய்ந்ததுபோல அரத்தால் லேசாக மழுக்குங்கள். ஆப்பை ஒட்டிவிட வேண்டாம், விரலால் தள்ளினால் நகரட்டும்.

மரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அசலில் எல்ம் மரம். அடிபட்டால் எளிதில் பிளக்காது. நமக்கு முதலில் கைக்கு வருவது தேக்கு. ஆனால் 12 சென்டிமீட்டர் குழாய்க்குப் பக்கத்தில் அதன் ரேகை பெரிசாகத் தெரியும். பூவரசு எடுங்கள்.

உதயகிரிக் கோட்டை உங்களுக்குப் பக்கம்தானே. 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படையிலேயே சேர்ந்தார். அந்தக் கோட்டையில் பீரங்கி வார்த்தார்கள், அவர் கல்லறையும் அங்கேதான். பழைய கோட்டைகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் குழாயை மட்டும். இரும்பு நின்றது, வண்டி உளுத்துப்போயிற்று. அதைச் செய்த ஆசாரிகளின் கைவேலை மண்ணோடு போனது. நீங்கள் வண்டியில் நின்று யோசிப்பது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம், பின்னுதைப்பைத் தாங்கும் வடம் மற்றக் கயிறுகளைவிடத் தடிப்பாக இருக்கட்டும். முடிந்ததும் படம் அனுப்புங்கள்.