கசினோவில் இலவசமாகக் கிடைக்கும் மதுவை அருந்திக்கொண்டே விளையாடினால் தோல்வி கூடுமா?

கேள்வி கேட்டவர் நுவரெலியாவிலிருந்து நண்பர்களோடு வேன் பிடித்துக் கொழும்புக்குச் செல்லவிருப்பதாகவும், கசினோவில் சாப்பாடும் மதுவும் இலவசம் என்று கேள்விப்பட்டதாகவும், விளையாட்டில் கொஞ்சம் போனாலும் குடியிலும் சாப்பாட்டிலும் அதை எடுத்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறார். இரவோடிரவாகத் திரும்பி வரும் எண்ணமும் இருக்கிறதாம். நான் ஹற்றனைச் சேர்ந்தவன். கொழும்பில் ஒரு கசினோவில் சில காலம் பானங்கள் பரிமாறும் வேலை பார்த்தவன். தட்டைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு மேசை நடந்தபோது கண்டதையும், சீட்டுப் பகிரும் டீலர்களிடம் கேட்டறிந்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

முதலில் நண்பரின் கணக்கைப் பார்ப்போம். கசினோவுக்குள் நுழையும் இலங்கையரிடம் அரசாங்கம் ஒரு நுழைவு வரியை விதித்திருக்கிறது; அதை 50 டொலரிலிருந்து 100 டொலராக உயர்த்துவதற்கு 2025 இல் தீர்மானிக்கப்பட்டது. நீங்கள் போகும் இடத்தில் அதை எப்படி அறவிடுகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஏனெனில் அந்தத் தொகையை ஈடுசெய்யும் அளவுக்கு ஒருவர் ஓரிரவில் உண்டு குடித்துவிட முடியாது.

இனி விளையாட்டுக்கு வருவோம். நீங்கள் குடித்திருப்பதும் குடிக்காதிருப்பதும் ரூலட் சில்லுக்குத் தெரியாது. அதில் 0 முதல் 36 வரை 37 எண்கள் இருக்கின்றன; சில்லு சுழன்று ஓயும்போது சிறு பந்து எந்த எண்ணில் நிற்கிறதோ அதுவே வென்ற எண். ஒரே எண்ணில் வைத்து வென்றவருக்கு ஒன்றுக்கு 35 கொடுக்கிறார்கள். 37 எண்களிலும் ஆயிரம் ரூபாய் வீதம் வைத்தீர்களானால் 37,000 ரூபாய் மேசைக்குப் போகும். வென்ற எண்ணுக்குரிய 35,000 ரூபாயும் அதில் நீங்கள் வைத்த ஆயிரமுமாக 36,000 ரூபாய் திரும்பி வரும். வராமற்போன அந்த ஆயிரமே கசினோவின் பங்கு, நூற்றுக்கு 2.7 வீதம். பூச்சியத்தோடு இரட்டைப் பூச்சியமும் உள்ள சில்லில் அது 5.26 வீதமாகிறது. ஆகவே, ரூலட்டைப் பொறுத்தவரையில், மது வெல்லும் வாய்ப்பைக் குறைக்குமா என்று கேட்டால், இல்லை என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் ஒரு சுற்றுக்கு எவ்வளவு வைக்கிறீர்கள், எத்தனை மணித்தியாலம் உட்கார்ந்திருக்கிறீர்கள், எப்போது எழுந்திருக்கிறீர்கள் என்ற மூன்றையும் தீர்மானிப்பது நீங்கள்; மது கைவைப்பது அந்த மூன்றிலும்தான்.

இதை எண்ணிக்கையில் பார்த்தால் விளங்கும். சுற்றுக்கு 1,000 ரூபாய் வைத்து, மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 40 சுற்றுகள் ஆடினால், 40,000 ரூபாய் மேசையில் புரள்கிறது. அதில் கசினோவின் பங்கு சராசரியாக 1,080 ரூபாய். (2024 இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது என்பதை மலைநாட்டில் பிறந்தவன் இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது.) இரண்டு மணித்தியாலத்தில் எழுந்துவிட்டால் சராசரி இழப்பு 2,160 ரூபாய். அதே ஆள் இரண்டு மூன்று கிளாஸ் விஸ்கிக்குப் பிறகு சுற்றுக்கு 3,000 வைக்கத் தொடங்கி, நான்கு மணித்தியாலம் உட்கார்ந்துவிட்டால், சராசரி இழப்பு ஏறத்தாழ 13,000 ரூபாய். இடையிலுள்ள பத்தாயிரத்துச் சொச்சம்தான் அந்த இலவச விஸ்கிக்கு அவர் கட்டிய விலை. இதை எந்த வைன் ஸ்டோர்ஸிலும் வாங்கியிருந்தால் மலிவாக முடிந்திருக்கும். சராசரி என்றுதான் சொல்கிறேன். ஒரு குறிப்பிட்ட இரவில் அவர் வென்றிருக்கவும் கூடும், இதைப்போலப் பல மடங்கு இழந்திருக்கவும் கூடும். கசினோ ஓர் இரவை நம்பி நடப்பதில்லை. மது கொடுக்கும் செலவைத் தயங்காமல் ஏற்றுக்கொள்வதற்கும் அதுவே காரணம்.

நான் பக்கத்தில் நின்று பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். மலைநாட்டிலிருந்து கொழும்புக்கு மரக்கறி அனுப்பும் வியாபாரி அவர். என் ஊரைக் கேட்டறிந்த பிறகு என்னையே கூப்பிடுவார். பக்கரா என்ற சீட்டாட்டத்தின் மேசையில் உட்கார்ந்தவுடன், காசுக்குப் பதிலாகத் தரும் சிப்ஸ் வில்லைகளை நிறம் நிறமாகப் பிரித்து, ஐந்தைந்தாக அடுக்கி, விளிம்புகளை விரலால் தட்டிச் சமப்படுத்துவார். ஒவ்வொரு சுற்றின் முடிவையும் குறித்துக்கொள்வதற்கு மேசையில் ஓர் அட்டை தருவார்கள். அதில் சிவப்பும் நீலமுமாகக் கோடு தவறாமல் குறித்து வருவார். முதல் கிளாஸ் முடியும்வரை குறிப்பு ஒழுங்காக நடக்கும். இரண்டாவதில் ஒரு வரிசை விடுபடும். மூன்றாவதை நான் கொண்டுபோகும்போது அவர் முந்தைய கிளாஸை அந்த அட்டையின் மேலேயே வைத்திருப்பார். ஈர வளையத்துக்குள் எழுத்துகள் ஊறிக் கிடக்கும். அதற்குப் பிறகு சிப்ஸ்களை விரலால் எண்ணி வைப்பது நின்று, உள்ளங்கையால் தள்ளுவது தொடங்கும். "தம்பி, அதே மாதிரி இன்னொன்னு கொண்டாங்க" என்பார், தலையைத் திருப்பாமலே. மேசைக்கு அந்தப் பக்கம் டீலரின் கை மட்டும் முதல் சுற்றில் எந்த வேகத்தில் நகர்ந்ததோ அதே வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கும்.

பக்கராவில் அவர் பணத்தை வைத்த இடமும் மாறியது. பேங்கர், பிளேயர் என்று பெயரிட்ட இரு பக்கங்களில் எது வெல்லும் என்று பந்தயம் வைப்பதுதான் அந்த ஆட்டம். பேங்கர் பக்கம் வைத்தால் கசினோவின் பங்கு 1.06 வீதம், பிளேயர் பக்கம் 1.24 வீதம், இரு பக்கமும் சமமாக வரும் என்று வைக்கும் 'டை'யில் மட்டும், ஒன்றுக்கு எட்டுக் கொடுக்கும் மேசையில், அது 14.36 வீதம். ஆரம்பத்தில் அந்தக் கட்டத்தைத் திரும்பியும் பாராதவர்கள், குடி ஏறிய பிறகு ஒன்றுக்கு எட்டு என்ற எழுத்தில் மயங்கி அதிலேயே தொடர்ந்து வைப்பதை அடிக்கடி கண்டிருக்கிறேன். ரூலட்டைப் பற்றிச் சொன்ன "வாய்ப்பு மாறாது" என்ற பதில் இங்கே பொருந்தாது. மோசமான கட்டத்தைத் தேர்ந்தெடுப்பவர் தன் வாய்ப்பைத் தானே கெடுத்துக்கொள்கிறார். கையிலுள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகை 21ஐத் தாண்டாமல் டீலரை முந்த வேண்டிய பிளாக் ஜாக்கில் இது இன்னும் வெளிப்படை. கணக்கறிந்து ஆடுபவருக்கு எதிராகக் கசினோவின் பங்கு அரை வீதத்தளவில் நிற்கும். எப்போது சீட்டுக் கேட்பது, எப்போது நிறுத்துவது என்பதில் தடுமாறுபவருக்கு அது இரண்டு வீதத்தைத் தாண்டிவிடும். டீலரிடம் 10 தெரிகையில் கையில் 16 வைத்திருப்பவர் சீட்டுக் கேட்க வேண்டும் என்பது தெளிந்த தலைக்கே கசப்பான முடிவு. மூன்று கிளாஸுக்குப் பிறகு அதை யார் எடுக்கப் போகிறார்கள்?

மது ஏன் இப்படிச் செய்கிறது என்பதற்கு, க்ளோட் ஸ்டீல், ரொபர்ட் ஜோசப்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1990 இல் முன்வைத்த விளக்கம் எனக்கு மிகப் பொருத்தமாகப்படுகிறது. குடித்தவரின் கவனம் சுருங்கி, கண்முன்னே பளிச்சென்று தெரிவதில் மட்டும் நிலைகொள்கிறது. நாளைய வாடகை, பிள்ளையின் டியூஷன் காசு, மனைவியிடம் சொல்லிவந்த வார்த்தை ஆகிய தொலைவிலுள்ளவை மங்கிப்போகின்றன என்பதே அதன் சாரம். கசினோவில் பளிச்சென்று தெரிவது எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சம் முழுவதும் மேசைமீதுதான் விழுகிறது. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. குடித்த மது இரத்தத்தில் உச்சத்தை எட்ட அரை மணித்தியாலத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலம்வரை ஆகும். முதல் கிளாஸ் தன் வேலையைக் காட்டுவதற்கு முன்பே இரண்டாவதை வாங்கிவிடும் ஒருவர், "எனக்கு ஒன்றும் ஏறவில்லை" என்று சொல்வது பொய்யன்று. அந்த நேரத்துக்கு அது உண்மைதான்.

நெடுநாளாக வந்து ஆடுபவர்களில் பலர் மதுவைத் தொடுவதில்லை என்பது நான் அங்கே கண்ட விசயங்களுள் ஒன்று. அவர்களுக்கு நான் கொண்டுபோனது பிளேன்டீயும் தண்ணீரும்தான். அவர்களும் மொத்தத்தில் தோற்கத்தான் செய்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எழ நினைத்தபோது எழுந்தார்கள்.

எங்கள் ஊர்ப் பழக்கத்தோடு ஒப்பிட்டு, ஏப்ரல் சீசனில் நுவரெலியாக் குதிரைப் பந்தயத்துக்குப் போய்க் குடித்துவிட்டுப் பந்தயம் கட்டுகிறோமே, அதைவிட இது என்ன மோசம் என்றும் கேள்வியில் ஒரு வரி இருந்தது. வித்தியாசம் இடைவெளியில் இருக்கிறது. ஓர் ஓட்டம் முடிந்து அடுத்த ஓட்டம் தொடங்கும்வரை நடக்கவும், கடலை வாங்கவும், பையில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்கவும் நேரம் கிடைக்கிறது. தோற்ற எரிச்சல் கொஞ்சம் ஆறுகிறது. ரூலட்டில் அடுத்த சுற்று ஒன்றரை நிமிடத்தில் வந்துவிடும். சம்பள நாளில் தவறணைக்குப் போய்விட்டு புக்கிக் கடைக்குப் போகிறவர்களை நாமெல்லாம் அறிவோம். அவர்களுக்காவது ஓரிடத்திலிருந்து எழுந்து இன்னோரிடத்துக்கு நடக்க வேண்டியிருக்கிறது. கசினோவில் அந்த நடைகூட இல்லை.

குடிபோதையில் இழந்தேன் என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா என்பதற்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம்: அதை நம்பிப் போகாதீர்கள். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பார்த்தவுடனே போதை தெரியும் ஒருவரை விளையாட அனுமதிப்பதும் அவருக்கு இலவச மது கொடுப்பதும் சூதாட்ட ஒழுங்குவிதிகளுக்கு முரணானவை. அப்படியிருந்தும் டெரன்ஸ் வட்டனபே என்ற செல்வந்தர் 2007 இல் லாஸ் வேகாஸில் சுமார் 12 கோடியே 70 இலட்சம் டொலர் இழந்தார்; தனக்கு ஓயாமல் மது கொடுத்தார்கள் என்று அவர் பின்னர் குற்றஞ்சாட்ட, கசினோ நிறுவனம் அதை மறுத்தது. ஒழுங்குபடுத்தும் அமைப்பு அந்த நிறுவனத்திடம் அறவிட்டது 2,25,000 டொலர்.

போகத்தான் போகிறீர்கள் என்றால், இழந்தாலும் பரவாயில்லை என்ற தொகையைக் காசாக எடுத்துக்கொண்டு, வங்கி அட்டையை விளையாடாத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வயிறு நிறையச் சாப்பிடுங்கள். விளையாடும்வரை பிளேன்டீ, எழுந்த பிறகு விருப்பமானால் மது என்று வரிசையை மாற்றிக்கொண்டால், நண்பர் சொன்ன இலவசம் ஓரளவு உண்மையாகிவிடும். இழந்ததை மீட்கக் கடன் வாங்கும் நிலையில் உங்களில் யாராவது ஏற்கெனவே இருந்தால், அவரை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்துப் பேசச் சொல்லுங்கள், அது பைத்தியக்காரருக்கான இலக்கம் என்ற கூச்சம் தேவையில்லை.

கடைசியாக, அந்த இரவுப் பயணம். வேன் சாரதியையும் உள்ளே அழைத்துச்சென்றால், மது அவர் முன்னாலும் நீட்டப்படும். ஈரல் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு சிறு கிளாஸ் அளவு மதுவைத்தான் கழிக்கும். நள்ளிரவில் நான்கைந்து கிளாஸ் குடித்து நிறுத்தியவரின் உடம்பில், விடியற்காலை கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் ஏறும்போதும் மிச்சம் இருக்கும். கோப்பியும் முகம் கழுவுவதும் தூக்கத்தைக் கலைக்குமே தவிர, மதுவைக் கழிக்காது. கொழும்பில் ஓர் அறை எடுத்துத் தங்கி, மறுநாள் பகலில் புறப்படுங்கள். அறை வாடகையையும் முதலிலேயே அந்த இரவின் செலவில் சேர்த்து எழுதிவிடுங்கள்.