முதல் தூண்டில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு ஐந்து. மே விடுமுறையில் திருவையாறு பக்கம் எங்கள் ஊருக்கு வரும்போது இருவரையும் மீன் பிடிக்க அழைத்துப்போவதாக அவர்கள் அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அவரே தூண்டிலைத் தொட்டு இருபது வருடம் இருக்கும். எங்கே போவது, என்ன வாங்குவது? எனக்குத் தண்ணீர் என்றாலே பயம் வேறு.
- ஒரு வாசகி, சென்னை

பதில்: உங்கள் பயத்தை அப்படியே வைத்திருங்கள் அம்மா, அது வேலைக்கு ஆகும். மாதத்தை மட்டும் மாற்றுங்கள். மே மாதத்தில் வறண்டு கிடக்கும் குடமுருட்டி ஆற்றில் மீன் ஏது, பையன்கள் கிரிக்கெட்தான் ஆடுவார்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள். கல்லணை தாண்டி நம் பக்கம் வரும் புதுத்தண்ணீர் கலங்கலாக, இழுப்போடு இருக்கும். ஆடிப்பெருக்குக்குப் படித்துறையில் நிற்பதே பெரும்பாடு, அன்றைக்குத் தூண்டில் பேச்சே வேண்டாம். செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை வருமே, அதுதான் நல்ல நேரம். மேட்டுத்தெரு வாய்க்காலில்கூட முழங்கால் தண்ணீர் தெளிந்து ஓடும்.

மே மாதத்தை விட்டால் வழியில்லை என்றால் ஊர்க்குளம் இருக்கிறது. ஆனால் பல குளங்கள் மீன் குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு என்றால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். கேட்காமல் போய், பிள்ளைகள் முன்னால் அப்பா திட்டு வாங்க வேண்டாம்.

இரண்டு இடங்களுக்கு மட்டும் போகாதீர்கள். ஒன்று மதகடி. மீன் அங்கேதான் கூடும், பெரியவர்கள் அங்கேதான் உட்காருவார்கள், தண்ணீர் உள்வாங்குவதும் அங்கேதான். இன்னொன்று ஆற்றில் மணல் அள்ளிய இடம். மேலே கணுக்கால் அளவு தெரியும், அடுத்த அடி வைத்தால் ஆள் மட்டத்துக்குப் பள்ளம் இருக்கும்.

சாமான் பெரிதாக ஒன்றும் வேண்டாம். பையனின் உயரத்தைப்போல ஒன்றரைப் பங்கு நீளத்துக்கு ஒரு மூங்கில் கழி, அதே நீளத்துக்குத் தங்கூசி நரம்பு என்கிற நைலான் இழை, மிளகு அளவு ஈயம், தண்ணீரில் மிதக்க மயிலிறகுத் தண்டை நறுக்கிய தக்கை. தூண்டில் முள் சின்னதாக இருக்கட்டும். கடையில் நம்பர் கூடக்கூட முள் சிறுத்துக்கொண்டே போகும், வாங்கும்போது ஏமாறாதீர்கள். முள்ளின் உள்பக்கம் எதிராக நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கூர் இருக்கிறதே, அதை வீட்டிலேயே குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். நாலு மீன் நழுவும், போகட்டும். விரலில் ஏறினால் சுலபமாகக் கழன்றுவிடும். நசுக்காத முள் ஆழமாக ஏறிவிட்டால் நீங்கள் பிடுங்காதீர்கள், டாக்டரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி விஷயத்தையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இரைக்கு வாழையடியில் மண்வெட்டியால் இரண்டு கொத்து கொத்தினால் மண்புழு கிடைக்கும். கொஞ்சம் ஈரமண்ணோடு கொட்டாங்குச்சியில் எடுத்துக்கொள்ளுங்கள். பாதிப் பிள்ளைகளுக்கு மீனைவிட இந்தக் கொட்டாங்குச்சிதான் பிடிக்கும். மகள் அருவருத்தால் வற்புறுத்தாதீர்கள். மைதாவை இறுக்கமாகப் பிசைந்து சுண்டைக்காயில் பாதி அளவு உருட்டினால் கெண்டைப்பொடி என்கிற சின்னக் கெண்டை மீன்களுக்குப் போதும்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் பெரியவர் கையில் தூண்டில் இருக்கக் கூடாது. நான் பட்டது இது. என் மகனுக்கு ஐந்து வயதில் அவனுக்கு ஒரு குட்டிக் கழி, எனக்கு ஒரு நீளக் கழி என்று எடுத்துப் போனேன். என் தக்கை லேசாகச் சாய்ந்தது, விரால்தான் என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் பக்கத்தில் கழி மட்டும் கிடக்கிறது. பாசிப் படியில் சறுக்கிக் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கிறான், சத்தமே இல்லை. தண்ணீரில் விழுந்த பிள்ளை கத்தும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தவன் நான். தலைமுடியைப் பிடித்துத்தான் தூக்கினேன். விரால் போனது போனதுதான். அவன் அம்மாவுக்கு இந்தக் கதை பத்து வருடம் கழித்துத்தான் தெரியும்.

அதனால் அப்பா ஒரு பிள்ளைக்கு, நீங்கள் ஒரு பிள்ளைக்கு. கைக்கெட்டும் தூரத்தில் உட்காருங்கள், செல்போன் பைக்குள் இருக்கட்டும். மிதவைச் சட்டை கிடைத்தால் மாட்டிவிடுங்கள், ஊரார் சிரித்தால் சிரிக்கட்டும். கழியை வீசுமுன் தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள்.

தக்கையைப் பார்க்கப் பழக்குவது அப்பா வேலை. கெண்டைப்பொடி முதலில் டுக்டுக்கென்று கொத்தும், தக்கை நின்ற இடத்திலேயே தலையாட்டும். அப்போது இழுத்தால் வெறும் முள்தான் வரும். தக்கை ஒருபக்கமாக நகர ஆரம்பிக்கும், இல்லை சட்டென்று உள்ளே போகும். அப்போது மணிக்கட்டால் ஒரு சுண்டு, அவ்வளவுதான். பையன் முதல் பத்து தடவையும் சீக்கிரமே இழுப்பான், கழியைப் பிடுங்காதீர்கள்.

கெளுத்தி மாட்டினால் மட்டும் அப்பா கழற்றட்டும். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று முள் உண்டு, குத்தினால் கடுக்கும். தேளி பெயருக்கேற்ற மீன், அதைப் பிள்ளைகள் தொடவே வேண்டாம். குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி தணியும். சூட்டை உங்கள் முழங்கையில் பார்த்துவிட்டு வையுங்கள்.

முக்கால் மணி நேரம் போதும். இன்னும் கொஞ்ச நேரம் என்று பிள்ளைகள் கெஞ்சும்போதே கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ரீல் வைத்த குழந்தைகள் தூண்டில் செட் வருகிறதே, வாங்கலாமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: பத்து வயதுக்கு அப்புறம் பார்க்கலாம். இப்போது வாங்கினால் சிக்கலெடுப்பது உங்கள் வேலை, வேடிக்கை பார்ப்பது பிள்ளையின் வேலை.

கேள்வி: நாங்கள் சைவம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து என் ஆறு வயது மகளும் மீன் பிடிக்கக் கேட்கிறாள். பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டால் பாவமில்லையே?
- ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: பாவக்கணக்கு எனக்குத் தெரியாதம்மா. ஆனால் முள் குத்திய வாயோடு போகும் மீன் எல்லாமே பிழைக்கும் என்று சொல்ல மாட்டேன். உலர்ந்த கையால் பிடித்தால் அதன் வழவழப்பும் போய்விடும். நீங்கள் தூண்டிலை விட்டுவிட்டு மகளை ஒரு குளக்கரைக்குக் கூட்டிப்போங்கள். காலை வெயிலில் ஓரமாகச் சத்தமில்லாமல் குந்துங்கள். ஜிலேபிக் கெண்டை இல்லாத குளம் இப்போது அபூர்வம். 1952-ல் வெளிநாட்டிலிருந்து இங்கே கொண்டுவந்து விட்ட மீன், நம் மீன்களுக்குப் போட்டியாகி ஊரெல்லாம் பரவிவிட்டது. எனக்கு அதன்மேல் கோபம் உண்டு. ஆனாலும் அதன் தாயைப் பார்க்க வேண்டும். கடுகை அள்ளித் தூவியதுபோலக் குஞ்சுகள் அதன் முகத்துக்கு முன்னால் மொய்த்துக்கொண்டிருக்கும். மகளை மெதுவாக எழுந்து நிற்கச் சொல்லுங்கள். அவள் நிழல் தண்ணீரில் விழுந்ததும் தாய் வாயைத் திறக்கும், குஞ்சுகள் அத்தனையும் உள்ளே போய்விடும்.